ஒளிப்பதிவு: அம்மா

எனக்குக் குரல் கிடையாது. இதை முதல்லயே சொல்லிடறேன். இல்லேன்னா, இவ்வளவு கோவக்காரி ஏன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கலைன்னு பாதியில நீங்க என்னையே கேப்பீங்க. தொண்டையில கட்டி வந்து, குரல்வளையை அப்படியே எடுத்துட்டாங்க. எடுத்தாத்தான் உசிருன்னாங்க. சரி, எடுங்கன்னேன். இப்போ கழுத்துல ஒரு ஓட்டை, மூச்சு அது வழியா, அதுக்கு மேல ஒரு துணி. வாய் சாப்பிடறதுக்கு மட்டும்.

இருந்தப்போ அது சாதாரணக் குரல் இல்லைங்க. துணி தைக்கிற கம்பெனியில நான் லைன் சூப்பர்வைசர். ஹால் முழுக்க மெஷின் கடகடன்னு ஓடும். நடுவுல நின்னு, "காலர் வளைஞ்சு போகுது பாரு"ன்னு நான் ஒரு சத்தம் விட்டா, கடைசி வரிசையில தூங்கி விழற பொண்ணும் காலரைத் திருப்பிப் பார்க்கும். மைக் வேணும்னு நான் கேட்டதே இல்லை. இப்போ என்னைச் செக்கிங் மேஜையில உக்கார வெச்சிருக்காங்க. பிசிறு நூல் வெட்டறேன்.

பேசணும்னா போன்ல தட்டணும். தட்டினதை ஒரு பொம்பளை படிப்பா. ரயில் தாமதமா வருதுன்னு அறிவிப்பாளே, அந்தக் குரல். "உப்பு போதலை"ன்னாலும் அதே ராகம், "எனக்குப் பயமா இருக்கு"ன்னாலும் அதே ராகம். அவளைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

எங்க வீட்டுக்காரரு அதுக்கும் மேல. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பிச்சுட்டாரு. அதுவரைக்கும் "என்னடி", "ஏன்டி", "போடி"தான். நானும் விட மாட்டேன், பதிலுக்குப் பதில் கொடுப்பேன். வீடு கலகலன்னு இருக்கும். இப்போ என்னடான்னா, "என்னம்மா வேணும்?", "மெதுவா தட்டும்மா, அவசரமில்லை." புதுசா குடி வந்தவங்க கிட்ட பேசற மாதிரி. இந்த மரியாதையைக் கொண்டு போய் எங்கயாவது கொட்டுங்கன்னு சொல்லத் தோணும். தட்டி முடிக்கறதுக்குள்ள அவரு அடுத்த ரூமுக்குப் போயிருப்பாரு.

இப்படி இருக்கறப்போதான், பேச்சுப் பயிற்சி கொடுக்கற டாக்டரம்மா ஒரு வெள்ளிக்கிழமை அந்த விஷயத்தைச் சொன்னாங்க.

"உங்க பழைய குரல் பதிவு ஏதாவது இருக்குங்களா? மொத்தமா ஒரு மணி நேரம் தேறினா போதும். பின்னணியில பாட்டு, இசை எதுவும் கலக்காம இருக்கணும். அதை வெச்சு உங்க குரலையே செஞ்சு போனுக்குள்ள போட்டுடலாம். நீங்க தட்டறதை நீங்களே பேசுவீங்க."

எனக்குப் பொசுக்குன்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. என் பொண்ணு நாற்காலியிலேர்ந்து எழுந்தே நின்னுட்டா. காலேஜ் முடிக்கப் போறா, இன்னும் வீட்டுல அவ பேரு வாலுதான்.

"டாக்டர், எங்க வீட்டு வீடியோ ஒரு மூட்டை இருக்கு! எல்லாத்தையும் எடுத்தது அம்மாதான். படத்துல ஒண்ணுல கூட இருக்க மாட்டாங்க, ஆனா கேமராக்குப் பின்னாடி ஒரே அதட்டல். ஒரு மணி நேரம் என்ன, ஒரு நாளே ஓடும்!"

"அப்போ கவலையே இல்லை"ன்னாங்க டாக்டரம்மா.

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவரு குனிஞ்சு என் மருந்துச் சீட்டையெல்லாம் பைக்குள்ள அடுக்கிக்கிட்டிருந்தாரு. ஏற்கெனவே அடுக்கினதை எடுத்து மறுபடியும் அடுக்கினாரு. நிமிரவே இல்லை. பேய் அறைஞ்ச மாதிரி முகம். சந்தோஷத்துல அப்படி ஆயிட்டாருன்னு நினைச்சேன் பாருங்க, என் புத்தியை எதால அடிக்கறது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில காபியைக் குடிச்ச கையோட டிவி முன்னாடி போய் உக்காந்துட்டேன். வாலு ஒரு பக்கம் லேப்டாப்போட. அவரு சமையலறையில ஏற்கெனவே கழுவின டம்ளரைக் கழுவிக்கிட்டிருந்தாரு.

இந்த வீடியோ விஷயத்தைக் கொஞ்சம் சொல்லணும். எங்க வீட்டுக்காரரு வண்டி உதிரி பாகம் வெக்கற கிடங்குல ஸ்டோர் கீப்பர். அவருக்கு உலகத்துல ரெண்டே வகைதான். லேபிள் ஒட்டினது, லேபிள் ஒட்டாதது. வீட்டுல பருப்பு டப்பாலேர்ந்து குடை வரைக்கும் சீட்டு ஒட்டியிருக்கும். கிடங்குல அவரு சட்டம் ரொம்பக் கறார். உள்ளே வரும்போது பதிவு இல்லாம எதுவும் ராக்குல ஏறாது, சீட்டு இல்லாம ஒரு திருகாணி கூட கேட்டைத் தாண்டாது. முதலாளி வந்து கேட்டாலும் "சீட்டு?"ன்னு கையை நீட்டுவாரு.

போன வருஷம், எனக்குத் தொண்டை கட்டறதுக்கெல்லாம் முன்னாடி, டிவிக்கு அடியில வெக்கறதுக்கு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வாங்கிட்டு வந்தாரு. டிஸ்க்ல இருக்கற வீடியோவையெல்லாம் அது டிவியில சினிமா மாதிரி காட்டும். ஒவ்வொண்ணுக்கும் போஸ்டர், தலைப்பு, வருஷம், யாரு நடிச்சாங்க, கதைச் சுருக்கம், எல்லாம் வரும். அந்த விவரத்தை நாமதான் கொடுக்கணும். கொடுக்கலைன்னா அதுவா இன்டர்நெட்ல தேடி எதையாவது ஒட்டிக்கும். வாலு முதல் நாள் பள்ளிக்கூடம் போன வீடியோவுக்கு, கத்தியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற ஒரு பேய்ப் படத்து போஸ்டரை ஒட்டி வெச்சுது. நானும் வாலுவும் சிரிச்சு உருண்டோம். அவருக்கு மானம் போயிடுச்சு. அன்னிக்கு உக்காந்தவருதான், ஞாயித்துக்கிழமைங்கற ஞாயித்துக்கிழமையெல்லாம் அதே வேலை. எல்லாத்துக்கும் பேரு, மாசம், இடம். நடிப்பு: வாலு, அப்பா. வகை: நகைச்சுவை, பயணம், குடும்பம். எல்லாத்துக்கும் கீழே ஒரு வரி. ஒளிப்பதிவு: அம்மா.

உண்மையைச் சொன்னா, அதைப் பார்த்துப் பார்த்து எனக்குள்ள ஒரே பெருமை. ஆனா முழுசா உக்காந்து ஒரு வீடியோவும் நான் பார்த்ததில்லை. யாருக்கு நேரம்? போஸ்டரைப் பார்ப்பேன், நல்லா இருக்குங்கன்னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவேன்.

வாலு ரிமோட்டை அழுத்தினா. "சைக்கிள் பழகிய நாள்." தெருவுல வாலு குட்டியா, முட்டியில கட்டோட, சைக்கிள்ல தள்ளாடிக்கிட்டு வரா. அவரு பின்னாடி சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வராரு. எனக்கு அந்த நாள் நல்லா நினைவிருக்கு. "விடுங்க, விட்டாத்தான் ஓட்டுவா, விடுங்கன்னா!"ன்னு தெருவே திரும்பற மாதிரி கத்தினேன்.

டிவியில புல்லாங்குழல் வாசிச்சுது.

படத்துல அவரு என்னைப் பார்த்து ஏதோ சொல்றாரு, வாய் அசையுது. வாலு விழறா, வாயைத் திறந்து அழறா. புல்லாங்குழல் பாட்டுக்கு வாசிக்குது. 

"சவுண்டு ஏதோ மாறியிருக்கு"ன்னு சொல்லி வாலு அடுத்ததைப் போட்டா. "கடற்கரை." அலை, மணல், அவரு காலைச் சுருட்டி விட்டுக்கிட்டு நிக்கறாரு. புல்லாங்குழல். "வீடு மாறிய நாள்." புல்லாங்குழல். "மழை." அதே புல்லாங்குழல், அதே மெட்டு. வாலு ரிமோட்டைத் தட்டறா, திருப்பறா, லேப்டாப்புல ஃபைலைத் திறந்து பார்க்கறா. 

"அப்பா"ன்னு வாலு கூப்பிட்டா. "இதுல இருந்த சத்தமெல்லாம் எங்கப்பா?"

சமையலறையில குழாய் நின்னுச்சு. கையைத் துடைச்சுக்கிட்டே வந்து நின்னாரு.

"அது... டிவிக்கு ஏத்த மாதிரி மாத்தறப்போ... ஒரே இரைச்சலா இருந்துச்சும்மா. ஒண்ணுலயும் ஒரு நிமிஷம் அமைதியா பார்க்க முடியலை. பின்னாடி ஒரே கத்தல். அதான் சத்தத்தை எடுத்துட்டு, இதமா ஒரு இசை போட்டா, பார்க்க ஒரு படம் மாதிரி இருக்கும்னு..."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

என் குரலை எடுத்தது டாக்டர்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அதுக்கு முன்னாடியே வீட்டுலயே எடுத்து முடிச்சிருக்காங்க.

எனக்கு வந்த கோவத்துக்கு வீட்டுக் கூரை பறந்திருக்கணும். வாயைத் திறந்தேன். கழுத்து ஓட்டை வழியா புஸ்ஸுன்னு காத்துதான் வந்துச்சு. உலகத்துல இதைவிடக் கேவலம் என்ன இருக்கு சொல்லுங்க. கையில கிடைச்ச டம்ளரை மேஜையில ஓங்கி ஓங்கித் தட்டினேன். அப்புறம் போனை எடுத்துத் தட்ட ஆரம்பிச்சேன். எழுத்தெல்லாம் மாறி மாறி விழுது. அழிக்கறேன், தட்டறேன். அவங்க ரெண்டு பேரும் நான் திட்டி முடிக்கறதுக்காக வரிசையில நிக்கற மாதிரி காத்துக்கிட்டு நிக்கறாங்க.

கடைசியில அந்த ரயில் அறிவிப்புக்காரி நிதானமா, இனிமையா படிச்சா. "நீங்கல்லாம் ஒரு மனுஷனா. இருபத்தஞ்சு வருஷம் கூட இருந்தவ குரல் உங்களுக்கு இரைச்சலா."

வேற நேரமா இருந்தா சிரிச்சிருப்போம். யாரும் சிரிக்கலை. அவரு அப்படியே சோபா ஓரத்துல உக்காந்துட்டாரு.

"சத்தம் மாத்தாத பழசு இருக்குமில்ல?" வாலு விடலை. "ஒரிஜினல் ஃபைல் எங்கப்பா? அந்தப் பழைய டிஸ்க்?"

அவரு சோபா உறையை இழுத்து இழுத்துச் சரி பண்ணினாரு. அவரு எப்பவும் அப்படித்தான். பெரிய தப்புக்கு வாயே வராது.

"அப்பா!"

"மாத்தினதுதான் டிவி பெட்டியில இருக்கே, ரெண்டு காப்பி எதுக்குன்னு பழைய டிஸ்க்கை டிராயர்ல போட்டு வெச்சிருந்தேன். போன வாரம் கிடங்குல கண்காணிப்புக் கேமரா பதியற பெட்டிக்குள்ள இருந்த டிஸ்க் பழுதாயிடுச்சு. புதுசு வர நாளாகும்னாங்க. நம்ம வீட்டுல ஒண்ணு சும்மாதானே கிடக்குன்னு..."

"கொடுத்துட்டீங்களா?"

"மாட்டிட்டேன்."

வாலுவுக்கு இதெல்லாம் தெரியும். அவ முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. கேமரா பெட்டி டிஸ்க்கை முதல்ல துடைக்கும், அப்புறம் பிடிக்கற படத்தையெல்லாம் அது மேலயே எழுதிக்கிட்டுப் போகும். துடைச்சதை மீட்கலாம். மேல எழுதினதை எந்தக் கொம்பனாலயும் மீட்க முடியாது.

"ஏதாவது அசைஞ்சாத்தான் கேமரா பதிவு பண்ணும், சும்மா இருந்தா பண்ணாது. அப்படித்தானேப்பா? இன்னிக்குக் கிடங்கு லீவுதானே?"

"இன்னிக்கு லோடு இறங்குது"ன்னாரு அவரு. "லாரி வர ஆரம்பிச்சிருக்கும்."

நான் அதுக்குள்ள செருப்பைப் போட்டுட்டேன்.

ஆட்டோ ஒண்ணைப் பிடிச்சு மூணு பேரும் ஏறினோம். ஒவ்வொரு சிக்னல்லயும் எனக்கு உசிரு போய் உசிரு வந்துச்சு. போன்ல நான் பேசி வெச்ச பதிவு ஏதாவது இருக்கான்னு வாலு தேடிக்கிட்டே வந்தா. எங்கேர்ந்து இருக்கும்? குரல்ல சேதி அனுப்பற பழக்கமே எனக்குக் கிடையாது. கூப்பிட்டுக் கத்திட்டு வெச்சுடுவேன். அவரு மேனேஜருக்குப் போன் போட்டாரு, எடுக்கலை. மறுபடியும் போட்டாரு. நான் அவரு பக்கமே திரும்பலை.

கிடங்கு வாசல்ல ரெண்டு லாரி பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு நிக்குது. ஆளுங்க பெட்டி பெட்டியா இறக்கறாங்க. தள்ளுவண்டி போகுது, வருது. மேலே சுவத்து மூலையில கேமரா, பக்கத்துல சின்னதா சிவப்பு விளக்கு எரியுது. இறங்கற ஒவ்வொரு பெட்டியும் என் வாயில விழற மாதிரி இருந்துச்சு. எல்லாரும் கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்கடா, அசையாதீங்கடான்னு கத்தணும். என் ஹாலா இருந்திருந்தா, என் குரல் இருந்திருந்தா, ஒரு சத்தத்துல சிலை மாதிரி நின்னிருப்பாங்க.

மேனேஜர் சின்ன வயசுக்காரர், கண்ணாடித் தடுப்பு ரூம்ல இருந்தாரு. கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். வாலு மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னா. அவரு என் கழுத்துத் துணியைப் பார்த்தாரு, சட்டுன்னு கண்ணைத் திருப்பிக்கிட்டாரு.

"கஷ்டமாத்தான்மா இருக்கு. ஆனா போன மாசம்தான் இங்க திருட்டு போச்சு. லோடு இறங்கற நேரத்துல கேமரா ஓடலைன்னா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான், என் வேலையும் போகும். திங்கக்கிழமை வேற டிஸ்க் வந்துடும். அதுவரைக்கும் பொறுங்க."

"திங்கக்கிழமை வரைக்கும் இருந்தா எதுவும் மிஞ்சாது சார்!"

"அம்மா கிட்ட எடுத்துச் சொல்லும்மா"ன்னாரு வாலுகிட்ட. நான் அங்கயேதான் நிக்கறேன். குரல் போனா காதும் போயிடும்னு எல்லாரும் ஏன் நினைக்கறாங்களோ தெரியலை. போனைத் தட்டினேன். அறிவிப்புக்காரி படிச்சா. "ஐயா, அதுக்குள்ள என் குரல் இருக்கு. தயவு செஞ்சு நிறுத்துங்க." அவரு வெளியே யாரோ கூப்பிட்டதுக்குத் திரும்பினாரு.

அப்போதான் மேஜை மேல இருந்த திரையைப் பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டமா ஒவ்வொரு கேமராவும் தெரியுது. ஒரு கட்டத்துல லாரி. ஒண்ணுல ராக்கு. ஒண்ணுல இந்த ரூம். அந்த ரூம்ல கழுத்துல துணியோட ஒரு பொம்பளை நிக்கறா. கொஞ்சம் குண்டு, தலை கலைஞ்சு கிடக்கு. ஒரு நொடி யாருன்னே தெரியலை. கையைத் தூக்கினேன், அவளும் தூக்கினா.

எத்தனையோ வருஷமா எல்லாரையும் படம் பிடிச்சேன், ஒரு படத்துல கூட நான் இல்லை. குரல் மட்டும்தான் இருந்தேன். இப்போ படத்துல இருக்கேன். நான் நிக்கற அந்தப் படத்தைத்தான் அந்தப் பெட்டி என் குரல் மேல எழுதிக்கிட்டிருக்கு. நான் கண்ணீரைத் துடைச்சா அந்த அசைவுக்குக் கூட ஒரு துண்டு போகும். கையை இறக்கிட்டு அசையாம நின்னேன். துடைக்கலை. மூச்சைக் கூடப் பிடிச்சுக்கிட்டேன்.

எங்க வீட்டுக்காரரு இவ்வளவு நேரமும் கதவோரமாவே நின்னாரு. மேனேஜர் முன்னாடி அவருக்கு என்னிக்கும் குரல் எழும்பாது. அவரும் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு. நான் அசையாம நிக்கறதைப் பார்த்தாரா, ஏன் நிக்கறேன்னு அவருக்குப் புரிஞ்சுதா, தெரியலை. சட்டைப் பையிலேர்ந்து திருப்புளியை எடுத்தாரு. எப்பவும் அது அவருகிட்ட இருக்கும். அலமாரி மேல இருந்த கேமரா பெட்டிக்கிட்ட நேரா போனாரு, சுவிட்சை அணைச்சாரு. திரை கறுப்பாச்சு.

"என்ன பண்றீங்க?" மேனேஜர் ஓடி வந்தாரு.

அவரு அதுக்குள்ள மூடியைக் கழட்டிக்கிட்டிருந்தாரு. ஒரு திருகாணி கீழே விழுந்து உருண்டுச்சு. அந்த மனுஷன் அதை எடுக்கக் கூடக் குனியலை. அதைப் பார்த்தப்போதான் எனக்கே கொஞ்சம் பயம் வந்துச்சு.

"ஸ்டோர்லேர்ந்து பொருளை எடுக்கறீங்க. சீட்டு எங்க?"ன்னாரு மேனேஜர். "நீங்கதானே எல்லாரையும் கேப்பீங்க?"

"சீட்டு கிடையாது சார். இது ஸ்டாக்லயே இல்லை." டிஸ்க்கை வெளியே எடுத்து நாலு பக்கமும் திருப்பிக் காட்டினாரு. "லேபிள் இருக்கான்னு பாருங்க. நான் பதிவு பண்ணலை. உள்ளேயே வராத பொருள் வெளியே போறதுக்கு எதுக்கு சார் சீட்டு? லோடு இறங்கி முடியற வரைக்கும் நான் வாசல்லயே நிக்கறேன். ஒரு பெட்டி குறைஞ்சாலும் என்னைப் பிடிச்சுக் கொடுங்க."

டிஸ்க்கை என் கையில கொடுத்தாரு. சூடா இருந்துச்சு. "நீ போம்மா"ன்னாரு. அப்பவும் அந்த 'ம்மா'தான்.

அவரு வேலை போகலை. மேனேஜர் கொஞ்ச நேரம் குதிச்சாரு, அப்புறம் தானே வந்து வாசல்ல பக்கத்துல நின்னாராம். ஆனா எனக்கு அப்போ அதெல்லாம் மண்டையில ஏறலை. டிஸ்க்கைப் புடவைத் தலைப்புல சுத்தி, மடியில வெச்சுக்கிட்டு, அழிஞ்சதை மீட்கற கடைக்குப் போனோம். கடைக்காரர் அதை ஒரு மெஷின்ல சொருகிட்டு, உதட்டைப் பிதுக்கினாரு.

"பாதிக்கு மேல கேமரா தின்னுடுச்சும்மா. மிச்சமும் துண்டு துண்டாத்தான் வரும். பத்து நாள் ஆகும். எதுவும் உறுதியா சொல்ல முடியாது."

அந்தப் பத்து நாளும் நான் வீட்டுக்காரரு கிட்ட பேசலை. பேசாம இருக்கறது உனக்கு இப்போ சுலபம்தானேன்னு கிண்டல் பண்ணாதீங்க. ஒரு எழுத்துக் கூட அவருக்குன்னு தட்டலை. சாப்பாட்டைத் தட்டுல போட்டு வெச்சுட்டு நகர்ந்துடுவேன். அவரு எதிர்ல வந்து நிப்பாரு, ஏதோ சொல்ல வாயெடுப்பாரு, "ஒண்ணுமில்லைம்மா"ன்னு போயிடுவாரு. ராத்திரி தூங்கலைன்னு கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சுது. இரக்கமா இருந்துச்சு. இருக்கட்டும், நல்லா வேணும்னும் இருந்துச்சு. டிவிக்கு அடியில அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தாலே தூக்கி எறியணும் போல வந்துச்சு.

பதினொண்ணாம் நாள் கடையிலேர்ந்து கூப்பிட்டாங்க. மூணு பேரும் போனோம். கடைக்காரர் ஹெட்ஃபோனை என் காதுல மாட்டினாரு. திரையில படம் ஒண்ணும் தேறலை, பச்சையும் சாம்பலுமா கட்டம் கட்டமா உடைஞ்சு கிடக்கு.

"ஏங்க! இங்க பாருங்க! ஏங்க, கேமராவைப் பாருங்கன்னா எங்கயோ பராக்குப் பார்த்துக்கிட்டு..."

கடவுளே. எவ்வளவு அதிகாரம். எவ்வளவு திமிர். காது கிழியற மாதிரி இருக்கு. அவரு சொன்னதுலயும் நியாயம் இருக்குன்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு. ஆனா அது நான். அந்தக் கத்தலை அப்படியே கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. ஹெட்ஃபோனை ரெண்டு கையாலயும் காதோட அழுத்திக்கிட்டு அந்தக் கடையிலயே அழுதேன். வாலுவும் அழுதா. அவரு மட்டும் வெளியே போய் நின்னுக்கிட்டாரு. அவருக்குப் போட்டுக் காட்டவான்னு கடைக்காரர் கேட்டதுக்கு, வேண்டாம்னு கையை ஆட்டினேன். அவ்வளவு சீக்கிரம் கொடுத்துடுவேனா?

டாக்டரம்மா எல்லாத்தையும் கேட்டாங்க. அவங்க பெருமூச்சு விட்டப்பவே தெரிஞ்சுடுச்சு.

"மொத்தமே கால் மணி நேரம்தான் தேறுது. அதுலயும் பாதிக்கு மேல ஒரே மாதிரி வார்த்தைங்க. 'ஏங்க', 'நிமிரு', 'சிரி', 'நகரு'. இதை வெச்சு முழுக் குரல் செய்ய முடியாதும்மா. செஞ்சாலும் யாரோ மாதிரி இருக்கும். மன்னிச்சுக்கங்க."

அவ்வளவுதான். போனது போனதுதான். இனி சாகற வரைக்கும் அந்த அறிவிப்புக்காரியோடதான் குடித்தனம்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டேன்.

"ஆனா ஒண்ணு செய்யலாம்"னாங்க. "இருக்கற துண்டை அப்படியே வெட்டி, போன்ல துண்டுக்கொரு பொத்தானா வெச்சுக்கலாம். அழுத்தினா உங்க பதிவே ஒலிக்கும். மத்ததுக்கெல்லாம் இந்த மெஷின் குரல்."

வாலு நாலு நாள் உக்காந்து வெட்டினா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போனை என் கையில கொடுத்துட்டு, "நீயே முதல்ல அழுத்தும்மா"ன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டா. நான் சமையலறையில இருந்தேன். உள்ளே ரூம்ல அவரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, மீட்டு வந்த அந்த உடைஞ்ச துண்டுங்களுக்கெல்லாம் பேரு போட்டுக்கிட்டிருந்தாரு. அவரா எடுத்துப் போட்டுக்கிட்ட வேலை. சத்தத்தைக் கேக்க மாட்டாரு, வாலு எழுதிக் கொடுத்ததைப் பார்த்து விவரத்தை மட்டும் அடிப்பாரு. கேக்கத் தைரியம் இல்லை. சமையலறைக்கு வர வழியில எட்டிப் பார்த்திருந்தேன். 'ஒளிப்பதிவு: அம்மா'வுக்கு மேல, புதுசா ஒரு வரி சேர்த்திருந்தாரு. 'குரல்: அம்மா'.

போனைப் பார்த்தேன். பொத்தான் வரிசையா இருக்கு. சத்தத்தை முழுசா ஏத்தி வெச்சுட்டு, முதல் பொத்தானை அழுத்தினேன்.

"ஏங்க!"

வீடே அதிர்ந்துச்சு.

"என்னடி!" உள்ளேர்ந்து அவரு எரிச்சலாக் கத்தினாரு. "ஒரு வேலையை உருப்படியா முடிக்க விடறியா நீ? வரேன், இரு!"

நாற்காலி சர்ருன்னு பின்னாடி இழுபட்டுச்சு. விடுவிடுன்னு காலடிச் சத்தம் வந்துச்சு, பாதி வழியில நின்னுச்சு. எத்தனை மாசம் ஆச்சு அந்த 'டி'யைக் கேட்டு. 

சமையலறை வாசலுக்கு வந்து நின்னாரு. போனைப் பார்க்கலை, என் வாயைத்தான் பார்த்தாரு. உதடு கோணிக்கிட்டுப் போச்சு. முகத்தைத் திருப்பிக்கிட்டு கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் அடுத்த பொத்தானை அழுத்தினேன்.

"இங்க பாருங்க!"

திரும்பினாரு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழறாரு. அந்தக் காலத்துலேர்ந்தே அப்படித்தான். கேமராவை நீட்டினாப் போதும், சரியா அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்குவாரு. எத்தனை நாள் இதுக்காகச் சண்டை போட்டிருப்பேன். அதுக்கும் ஒரு பொத்தான் இருந்துச்சு.

"கண்ணைத் திறங்க! எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

திறந்தாரு.